பள்ளிக்கூட ஆபீசும் பிள்ளையின் பாத்தியதையும்

(மீஞ்சூரில் பெற்றோர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குப் பேசக் கொடுத்திருக்கும் விஷயம் ஆத்மா உண்டா இல்லையா என்பதல்ல. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிற தகப்பனாரும் தாயாரும் அங்கு ஆபீசில் உட்கார்ந்திருப்பவரிடம் எப்படி நடந்துகொள்ளுவது என்பதாகும். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றலாம். மோட்ச வாசலில் நின்று தடுக்கிறவனை உங்களில் யாரும் நேரில் கண்டதில்லை. பள்ளிக்கூட வாசலில் தடுக்கிறவரையோ ஜூன் மாதந்தோறும் காண்கிறீர்கள். ஆகவே காணாததைப் பற்றிப் பேசுவதைவிடக் கண்டதைப் பற்றிப் பேசுவது மேல் என்று ஒப்புக்கொண்டு வந்தேன்.

பொதுவாக நடப்பது எப்படி என்று பாருங்கள். ஒருவர் அனல் மின் நிலையத்தில் கண்டிராக்டு வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுவோம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறார். கழற்றச் சொன்னவர் யாருமில்லை. உள்ளே குமாஸ்தா தலை நிமிராமலே கேட்கிறார்:

"என்னப்பா?"

"பையனை ஆறாவது சேர்க்கணும் சார்."

"டி.சி. எங்கே?"

"முன்னே படிச்ச பள்ளிக்கூடத்துல பீஸ் பாக்கி இருக்குதுன்னு தரமாட்டேங்கிறாங்க சார்."

"அப்போ இங்கே எதுக்கு வந்தே? ஆதார்ல பேரு ஒரு மாதிரி இருக்குது, பர்த் சர்டிபிகேட்ல வேற மாதிரி இருக்குதே. ஜாதி சர்டிபிகேட் எங்கே? எல்லாத்தையும் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் போனால் ஹெட்மாஸ்டர் மீட்டிங்குக்குப் போயிருக்கிறார். அதற்கடுத்த வாரம் போனால் 'சீட்டு முடிந்துவிட்டது'. மூன்று நாள் கூலி போயிற்று. கடைசியில் வட்டிக்கு வாங்கி, பணம் கட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அல்லது பையன் அந்த வருஷம் வீட்டில் நிற்கிறான். வீட்டில் நிற்கிற பையனைப் பார்த்து அக்கம் பக்கத்தார், 'அவன் தலையில் படிப்பு எழுதவில்லை' என்கிறார்கள். தலையில் எழுதியவன் எவனுமில்லை. ரிஜிஸ்டரில் எழுத மறுத்தவர் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த உரையாடலில் உங்களைக் கவனிக்கச் சொல்லுவது ஒரே ஒரு சங்கதி. குமாஸ்தா கேட்டவை நான்கு காகிதங்கள். ஆனால் 'சேர்க்க முடியாது' என்பதற்கு அவர் தம் கையால் ஒரு வரிகூட எழுதித் தரவில்லை. வாயால் சொன்னார், இவர் காதால் கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். அவருடைய அதிகாரம் முழுவதும் இந்த வாய்க்கும் காதுக்கும் இடையில்தான் இருக்கிறது. எழுத்தில் வந்தவுடன் அது கரைந்துபோகும். ஏனெனில் அவர் சொன்னதற்குச் சட்டத்தில் இடமில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது? 2002-ம் வருஷத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்தி 21-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை அடிப்படை உரிமையாக்கினார்கள். அதற்காக 2009-ல் ஒரு சட்டம் செய்து, அது 2010 ஏப்ரல் முதல் தேதி அமுலுக்கு வந்தது. கட்டாயம் என்றால் பெற்றோரைக் கட்டாயப்படுத்துவது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின்படி கட்டாயம் சர்க்காருக்கு. சேர்ப்பதும், வரவழைப்பதும், எட்டாவது வரை முடிக்கச் செய்வதும் அதன் கடமை.

அதன் 14-வது பிரிவில், வயதுக்கு ஆதாரம் இல்லை என்ற காரணத்துக்காக எந்தப் பிள்ளைக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. மத்திய சர்க்கார் 2010-ல் செய்த விதிகளில், பிறப்புச் சர்டிபிகேட்டு இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி அல்லது நர்சம்மாள் வைத்திருக்கும் பதிவு, அங்கன்வாடிப் பதிவு, அதுவும் இல்லையேல் பெற்றோர் பிரமாணமாக எழுதிக்கொடுக்கும் வயது, இவற்றை ஏற்கலாம் என்று கண்டிருக்கிறது. 15-வது பிரிவில், சேர்க்கும் காலம் தாண்டி வந்தாலும் மறுக்கக்கூடாது என்று இருக்கிறது. 5-வது பிரிவிலோ, சர்க்கார் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்கார் பணம் பெறும் பள்ளிக்கூடத்துக்கும் மாறி வருகிற பிள்ளைக்கு டி.சி. வரத் தாமதமாவதைக் காரணமாகக் காட்டி இடத்தைத் தாமதப்படுத்தவோ மறுக்கவோ கூடாது என்றும், டி.சி.யைக் கொடுக்காமல் இழுத்தடிக்கும் தலைமை ஆசிரியர்மீதே நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறது. 2024 ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டும், டி.சி. என்பது பள்ளிக்கூடங்கள் பாக்கி வசூலிக்கும் கருவி ஆகாது என்று சொல்லிற்று. பாக்கி இருந்தால் தகப்பனார்மேல் வழக்குப் போடட்டும். பிள்ளையை ஜாமீனாக வைத்துக்கொள்ளுவது எந்த ஊர் நியாயம்? அடகுக் கடைக்காரர்கூட நகையைத்தான் வாங்கி வைக்கிறார், பிள்ளையை வாங்கி வைப்பதில்லை.

ஆதார் சங்கதியும் அப்படியே. 2018 செப்டம்பர் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆதார் கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. அதற்குச் சில நாள் முன்னதாக ஆதார் கொடுக்கும் ஆணையமே, அது இல்லையென்று எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தது. சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு டில்லியிலிருந்து மீஞ்சூர் ரயிலடிவரை வந்துவிடுகிறது. ரயிலடியிலிருந்து பள்ளிக்கூட ஆபீசுக்கு வருவதற்குத்தான் வண்டி கிடைப்பதில்லை.

நிற்க, பழைய கதை ஒன்று சொல்லுகிறேன். 1856-ம் வருஷத்தில் பம்பாய் மாகாணத்தைச் சேர்ந்த தார்வாரில் மஹர் ஜாதிப் பையன் ஒருவன் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் தன்னைச் சேர்க்கும்படி மனுச் செய்துகொண்டான். சர்க்கார் பள்ளிக்கூடம், சர்க்கார் பணம். ஆயினும் அவனைச் சேர்த்தால் மேல் ஜாதிப் பிள்ளைகள் நின்றுவிடுவார்கள், பள்ளிக்கூடம் காலியாகிவிடும் என்று பம்பாய் சர்க்கார் மறுத்தது. விஷயம் சீமை வரையில் போயிற்று. 1858-ல் கம்பெனியின் டைரக்டர்கள், சர்க்கார் பள்ளிக்கூடங்கள் எல்லா வகுப்பாருக்கும் திறந்தவை என்று எழுதினார்கள். எழுதியது நல்ல எழுத்து. ஆனால் அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷங்கள், எத்தனையோ ஊர்களில், ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்றுதான் பாடம் கேட்டார்கள். அந்தப் பையன் மனுக் கொடுத்தான் என்பதைக் கவனியுங்கள். வாயால் கேட்டுவிட்டுப் போயிருந்தால் அவன் கதை நமக்குத் தெரிந்தே இராது. காகிதத்தில் எழுதினான், ஆகையால்தான் சர்க்கார் காகிதத்தில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று, அந்த வெட்கம் இன்றுவரை நிலைத்திருக்கிறது.

அப்பொழுது, 'நீ இந்த ஜாதி, உள்ளே வராதே' என்றார்கள். இப்பொழுது அப்படிச் சொல்லப் பயம். 'இந்தச் சர்டிபிகேட்டு இல்லை, உள்ளே வராதே' என்கிறார்கள். ஆனால் சர்டிபிகேட்டு இல்லாதவர்கள் யார் என்று கணக்குப் பாருங்கள். செங்கல் சூளைக்கு ஒரிசாவிலிருந்து வந்த குடும்பம், அரிசி ஆலையிலும் மரம் வெட்டுவதிலும் காலந்தள்ளும் இருளர் குடும்பம், ஊர் ஊராய்க் கட்டிட வேலைக்குப் போகிறவர்கள், கணவன் விட்டுவிட்டுப் போன தாய். காகிதம் என்ற சல்லடையில் சலித்தாலும் பழைய ஆட்களேதான் வெளியே விழுகிறார்கள்.

இது நம் நாட்டு வியாதி மட்டுமென்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் டைலர் என்று ஓர் ஊர். உத்தரவில்லாமல் மெக்சிகோவிலிருந்து வந்து குடியேறினவர்களின் பிள்ளைகள் இலவசப் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமானால் தலைக்கு வருஷம் 1,000 டாலர் கட்ட வேண்டும் என்று 1977-ல் அங்கே விதி செய்தார்கள். தோட்ட வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போகிறவன் 1,000 டாலருக்கு எங்கே போவான்? நான்கு குடும்பத்தார் துணிந்து வழக்குப் போட்டார்கள். தங்களைப் பிடித்து நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயத்தோடேயே கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், பெற்றோரிடம் காகிதம் இல்லாததற்காகப் பிள்ளைக்குப் படிப்பு மறுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிற்று. அங்கே ஒரு ஓட்டில் தப்பிற்று. இங்கே சட்டமே நம் பக்கம் இருக்கிறது. நாம்தான் ஆபீஸ் மேஜைக்கு இந்தப் பக்கம் நடுங்கிக்கொண்டு நிற்கிறோம்.

குமாஸ்தாவைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நம்மை விட்டுவிடுவது யோக்கியமாகாது. நம் வீடுகளில் பிள்ளை பிறந்தவுடன் ஜோசியனைத் தேடி ஓடுகிறோம். நாழிகை, விநாடி தவறாமல் ஜாதகம் எழுதி மஞ்சள் தடவிப் பெட்டியில் வைக்கிறோம். அதே பிறப்பை 21 நாளைக்குள் சர்க்காரில் பதிந்தால் காசில்லாமல் ஆகிவிடும். ஆஸ்பத்திரியில் பிறந்தால் அவர்களே பதிந்துவிடுகிறார்கள். பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு மட்டும் நமக்கு. அதைச் செய்வதில்லை. ஏன் என்றால், நல்ல பெயருக்கு எழுத்து இன்னும் பொருந்தவில்லையாம்! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாளிலோ எமகண்டம் கழியட்டும் என்று காத்திருந்து, கழிந்த பிறகு போனால் ஆபீசில் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது.

முன்காலத்தில் பிறப்புப் பதிவு இல்லாததால், வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடு என்பார்கள். தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுக்கொள்ளுவார். அதனால் ஊரில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்களாக இருப்பார்கள். அந்தக் காது அளவுகோலை இன்று நாம் சிரிக்கிறோம். ஆனால் அதில் ஒரு நல்ல குணம் இருந்தது. பிள்ளையிடம் கையும் காதும் இருந்தால் போதும், பொன்னேரித் தாலுகா ஆபீசுக்கு நடக்க வேண்டியதில்லை.

இருந்தபோதிலும் பதிவு செய்யாமல் இருக்காதீர்கள். 1969-ம் வருஷத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தை 2023-ல் திருத்தியிருக்கிறார்கள். 2023 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதியைக் காட்ட அந்தச் சர்டிபிகேட்டே ஆதாரமாகும். இடம் மறுக்கக்கூடாது என்ற 14-வது பிரிவு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை போட வேண்டிய இடத்தில் போடுவதும், போடத் தேவையில்லாத இடத்தில் முன்னதாகவே காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுவதும் புத்திசாலித்தனம்.

இனி, ஜாதிக் கட்டம். மனு பாரத்தில் ஜாதி, மதம் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பாவிட்டால் பாரமே செல்லாது என்று சில ஆபீசுகளில் சொல்லுகிறார்கள். இது பொய். பெற்றோர் விரும்பினால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம், அல்லது ஜாதி இல்லை, மதம் இல்லை என்று எழுதலாம் என்று தமிழ்நாட்டுச் சர்க்கார் 1973 ஜூலையிலேயே உத்தரவு போட்டு, 2000 ஜூலையில் மறுபடியும் வலியுறுத்தியிருக்கிறது. திருப்பத்தூர் வக்கீல் சிநேகா அவர்களைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதே அவருடைய பெற்றோர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். 2019 பிப்ரவரியில் அவர் தாசில்தாரிடம் ஜாதி மதம் அற்றவர் என்ற சர்டிபிகேட்டே வாங்கினார். அதற்கு அவர் பல வருஷம் அலைய வேண்டியிருந்தது.

ஆனால் இதில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டியது என் கடமை. கட்டத்தைக் காலியாக விட்டால் இட ஒதுக்கீடும் உதவிச் சம்பளமும் கிடையாது. நூற்றுக்கணக்கான வருஷம் ஜாதியின் பெயரால் மிதிபட்டவர்களைப் பார்த்து, 'நீங்கள் முதலில் ஜாதியை விட்டுவிடுங்கள்' என்று சொல்லுவதற்கு எனக்கு வாய் வராது. மிதித்தவர்கள் முதலில் காலியாக விடட்டும். இருளர் தோழர்கள் கட்டாயம் எழுதுங்கள், சர்டிபிகேட்டும் வாங்குங்கள். மலைஜாதியாருக்கு அதைக் கொடுக்க வேண்டியவர் தாசில்தார் அல்ல, பொன்னேரியில் இருக்கும் கோட்ட அதிகாரி. அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அது வருகிறவரை பிள்ளை வெளியே நிற்க வேண்டும் என்று எவரும் சொல்ல முடியாது. அந்தச் சர்டிபிகேட்டு சலுகைக்குத்தான் வேண்டும். உள்ளே வருவதற்கு வேண்டியதில்லை.

குமாஸ்தா பக்கத்து நியாயத்தையும் பார்ப்போம். சின்ன சர்க்கார் பள்ளிக்கூடங்களில் குமாஸ்தா என்றே ஒருவர் கிடையாது. தலைமை ஆசிரியரே பாடமும் நடத்தி, சத்துணவுக் கணக்கும் பார்த்து, சேர்க்கையும் போடுகிறார். எமிஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நூறு கேள்வி. ஒரு கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து அவருக்குக் கேள்வி வருகிறது. அந்த எரிச்சலை உங்கள்மேல் காட்டுகிறார். ஆகையால் போன மாத்திரத்தில் சத்தம் போடாதீர்கள். சத்தம் போட்டால், 'குடித்துவிட்டு வந்து கலாட்டா செய்தான்' என்று சொல்லி உங்களை வெளியே தள்ள அவருக்கு வசதியாகிவிடும். மரியாதையாகப் பேசுங்கள். மரியாதை வேறு, கும்பிடு வேறு. 'ஐயா' என்று கூப்பிடுங்கள். 'சாமி' என்று கூப்பிடாதீர்கள். நாற்காலி காலியாக இருந்தால் உட்காருங்கள். தாய்மார்கள் தனியாகப் போனால், 'வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வா' என்று சொல்லுவதாகக் கேள்வி. தாயின் கையெழுத்துச் செல்லாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால், 'அதை எழுதிக் கொடுங்கள் ஐயா' என்று கேளுங்கள்.

எழுதிக் கொடுங்கள் என்ற இந்த இரண்டு வார்த்தைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் தேதி, முத்திரை, கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் தபாலில் ஒப்புகையோடு அனுப்பிவிடுங்கள். குமாஸ்தாவுக்குச் சேர்க்கவோ மறுக்கவோ அதிகாரமில்லை. மனு தலைமை ஆசிரியர் பெயருக்கே இருக்க வேண்டும். அங்கும் ஆகாவிட்டால் மீஞ்சூர் வட்டாரக் கல்வி அலுவலர், அதற்கு மேலே ஜில்லாவின் முதன்மைக் கல்வி அலுவலர். அவர் இருப்பது திருவள்ளூரில். ரயிலில் போக வேண்டுமானால் தெற்கே பட்டணத்துக்குப் போய், வேறு வண்டி மாறி மேற்கே போக வேண்டும். இன்னொரு நாள் கூலி போகும். ஆகவே நேரில் அலையாமல் தபாலில் எழுதுங்கள். 14417 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் பள்ளிக் கல்வி இலாகாவின் உதவி மையம் பேசும். ஆனால் டெலிபோனில் சொன்னது காற்றோடு போகும். 2009-ம் வருஷத்துச் சட்டத்தின் 32-வது பிரிவு எழுத்து மூலமான புகாரைத்தான் கேட்கிறது. அப்படி எழுதினால் மூன்று மாதத்துக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். மனு என்ன ஆயிற்று என்று 2005-ம் வருஷத்துத் தகவல் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்டாலும் 30 நாளில் பதில் வர வேண்டும்.

பணம் கேட்டால்? 'நன்கொடை' என்றால் ரசீது கேளுங்கள். ரசீது என்ற சொல்லைக் கேட்டவுடன் பல நன்கொடைகள் தாமாகவே மறைந்துபோகும். இடத்துக்காக நன்கொடை வாங்கினால் வாங்கினதைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தின் 13-வது பிரிவில் இருக்கிறது. பிள்ளையையோ பெற்றோரையோ பரீட்சை வைத்துப் பொறுக்கி எடுத்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். சர்க்கார் உத்தியோகஸ்தர் கையூட்டுக் கேட்டால் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 2018-ல் செய்த திருத்தத்தின்படி கொடுத்தவரும் குற்றவாளி. வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளைக்குள் போலீசிலோ லஞ்ச ஒழிப்பு இலாகாவிலோ தெரிவித்தால்தான் தப்பலாம்.

எல்லாவற்றுக்கும் இந்தச் சட்டம் மருந்து என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 14 வயதைத் தாண்டிய பிறகு புதிதாகச் சேர வருகிற பிள்ளைக்கு இது உதவாது. சிறுபான்மையோர் நடத்தும் பள்ளிக்கூடங்களுக்கு இது பொருந்தாது என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது. சேர்த்த பிறகு பிள்ளையைக் கடைசிப் பெஞ்சில் உட்கார வைத்துக் கவனியாமல் விட்டால் அதற்கும் மனுப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதற்கு வேறு வழி இருக்கிறது. சர்க்கார் பள்ளிக்கூடங்களில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. அதில் நூற்றுக்கு 75 பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதில் போய் உட்காருங்கள். கோயில் திருவிழாக் கமிட்டிக்கு ஆள் போட்டி போடுகிறார்கள்; இந்தக் குழுவுக்குக் கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்கிறார்கள்.

மனு எப்படி எழுதுவது என்று கேட்கிறீர்கள். நீளமாக வேண்டாம். மேலே தேதி. தலைமை ஆசிரியர் அவர்களுக்கு என்று போட்டு, 'என் மகன் அல்லது மகள் இன்னாருக்கு வயது இத்தனை. தங்கள் பள்ளியில் இத்தனையாவது வகுப்பில் சேர்க்கக் கோருகிறேன். என்னிடமுள்ள ஆதாரம் இன்னது. இல்லாதது இன்னது, அது வந்தவுடன் கொடுப்பேன். 2009-ம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் 5, 14, 15 பிரிவுகளின்படி இதற்காக இடம் மறுக்கக்கூடாது. சேர்க்க இயலாதெனில் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' கீழே கையெழுத்து அல்லது கைநாட்டு. கைநாட்டு வைப்பவர்கள் வெட்கப்பட வேண்டாம். உங்களைப் படிக்கவிடாதவர்கள் வெட்கப்படட்டும்.

இந்த வாசகத்தைப் பிரதி எடுத்து மேடைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு இங்குள்ள வாலிபத் தோழர்கள் இப்பொழுதே எழுதிக் கொடுப்பார்கள். ஒரிய மொழியும் இந்தியும் பேசுகிற சூளைக் குடும்பங்கள் உங்கள் பக்கத்துத் தெருவில் இருந்தால், நாளைக் காலையில் அவர்களோடு பள்ளிக்கூடத்துக்கு உங்களில் ஒருவர் கூடப் போங்கள். இனி யாருக்காவது கேள்வி இருந்தால் கேட்கலாம்.